மெத்தென்ற ஆப்பிள் குக்கீ: பழத்தை எப்படிச் சேர்ப்பது?

ஆப்பிள் குக்கீ செய்யலாம் என்று முடிவெடுத்ததும் நாம் முதலில் யோசிப்பது மைதாவா கோதுமையா, வெண்ணெயா எண்ணெயா, முட்டை போடலாமா வேண்டாமா என்றுதான். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் குக்கீ மெத்தென்று வருமா, சொதசொதவென்று ஆகிவிடுமா என்பதை இவற்றுக்கெல்லாம் முன்னால் தீர்மானிப்பது ஒன்று உண்டு. ஆப்பிளை எந்த வடிவத்தில் மாவுக்குள் விடுகிறோம் என்பதுதான் அது. துருவிப் போடலாம், பச்சையாக நறுக்கிப் போடலாம், வேகவைத்து மசித்துப் போடலாம், உலர்ந்த ஆப்பிளை வாங்கிப் போடலாம், வாணலியில் வதக்கி நீர் வற்றவைத்தும் போடலாம். ஐந்திலும் குக்கீ கிடைக்கும், ஆனால் ஐந்தும் வெவ்வேறு பண்டங்கள்.

காரணம் தண்ணீர். ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர்தான். பதினாறு குக்கீ வருகிற அளவுக்கு 210 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முட்டையில் இருப்பதும் வெண்ணெயில் இருப்பதும் சேர்ந்து அந்த மாவில் ஐம்பது, ஐம்பத்தைந்து கிராம் தண்ணீர்தான் இருக்கும். அதில் தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் 250 கிராமை அப்படியே கொட்டினால் கூடுதலாக 210 கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே போகிறது. அதாவது மைதா எவ்வளவோ, பழம் கொண்டுவரும் தண்ணீரும் கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த விகிதத்தில் கிடைப்பது கேக். அதைத் தட்டில் உருண்டை உருண்டையாக வைத்துச் சுட்டாலும் கேக்தான்.

எனவே நாம் ஒப்பிட வேண்டியது, ஒவ்வொரு முறையிலும் மாவுக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது, எப்போது போகிறது, போன பிறகு எங்கே தங்குகிறது என்பதை. மற்ற தேர்வுகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

துருவிப் போடுவது

இணையத்தில் அதிகம் காணக் கிடைப்பது இந்த முறைதான். சுலபம், வேகம், அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். தோலோடு துருவினாலும் வாயில் உறுத்தாது. ஆனால் துருவும்போது பழத்தின் செல்கள் உடைந்து சாறு உடனே வெளியே வந்துவிடுகிறது. சர்க்கரை பட்டதும் இன்னும் வேகமாக வரும். முதல் தட்டு அடுப்புக்குப் போகும்போது கெட்டியாக இருந்த மாவு, இரண்டாவது தட்டு முறை வருவதற்குள் கரண்டியில் ஓடும். முதல் தட்டுக் குக்கீ உயர்ந்தும் இரண்டாம் தட்டுக் குக்கீ பரந்தும் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஆப்பிளின் மணமும் புளிப்பும் இனிப்பும் பெருமளவு அதில்தான் இருக்கின்றன. சிறு பாத்திரத்தில் ஊற்றி, தேன் பதத்துக்குச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மாவில் சேர்த்துவிடுங்கள். தோல் சீவியிருந்தால் அதையும் அதில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சுவை இன்னும் ஏறும். இதைச் செய்யாமல் வெறுமனே பிழிந்து போட்டால் நார் மட்டும் மிஞ்சும். குக்கீயில் ஆப்பிள் இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த முறையில் இழைகள் மாவோடு கலந்து மறைந்துவிடும். கடிக்கும்போது பழத் துண்டு தனியாகத் தட்டுப்படாது. பழத் துண்டைக் கண்டால் ஒதுக்கிவைக்கிற குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதுவே நல்ல குணம். எனக்கு அது குறையாகத்தான் படுகிறது.

பச்சையாக நறுக்கிப் போடுவது

படத்தில் மிக அழகாகத் தெரிவது இதுதான். குக்கீயின் மேலே வெள்ளைத் துண்டுகள் எட்டிப் பார்க்கும். ஆனால் குக்கீ அடுப்பில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். அந்த நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் துண்டு முழுதாக வேகாது. அரைவேக்காட்டில் நிற்கிற துண்டிலிருந்து ஆவி கிளம்பி, சுற்றியிருக்கும் மாவை ஈரமாக்கும். துண்டு சுருங்க, அதைச் சுற்றி வெற்றிடமும் ஈரப் பிசுபிசுப்பும் மிஞ்சும். சூடாகச் சாப்பிடும்போது இது தெரியாது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் தெரியும். துண்டில் மிச்சமிருக்கும் தண்ணீர் இரவெல்லாம் மாவுக்குள் இறங்கி, குக்கீயின் மேல்புறம் ஒட்டத் தொடங்கியிருக்கும்.

மாலையில் சுட்டு அன்றைக்கே தீர்ந்துபோகிற வீடு என்றால் இந்த முறையில் தப்பில்லை. துண்டுகளை அரை சென்டிமீட்டருக்கு மேல் போகவிடாதீர்கள். எல்லாவற்றையும் கலந்து முடித்த பிறகு, உருட்டுவதற்குச் சற்று முன்பு சேருங்கள்.

மசித்துப் போடுவது

வேகவைத்து மசித்த ஆப்பிளை முட்டைக்குப் பதிலாகப் போடலாம் என்றும், வெண்ணெயைக் குறைப்பதற்குப் போடலாம் என்றும் பல குறிப்புகள் சொல்கின்றன. இரண்டும் நடக்கும், ஆனால் கிடைப்பது வேறு. துண்டில் தண்ணீர் துண்டுக்குள்ளேயே தங்கும். மசியலில் அது மாவு முழுக்கச் சீராகப் பரவிவிடும். மைதாவின் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் தாராளமாகத் தண்ணீர் கிடைப்பதால், சுட்டபின் உள்ளே பஞ்சுபோல, விளிம்பு முறுகாமல், மேல்புறம் ஈரப்பசையோடு இருக்கும். மெத்தென்று இருப்பது உண்மை. ஆனால் குக்கீக்கு வேண்டிய இழுவையும் லேசான அழுத்தமும் இருக்காது.

பல் கட்டாத பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் செய்கிறீர்கள் என்றால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். மசியலை மட்டும் வாணலியில் போட்டு, கரண்டியால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கிற அளவுக்குச் சுண்டவைத்துவிடுங்கள். அல்வா கிளறிய கைக்கு இந்தப் பதம் தானாகவே தெரியும்.

உலர்ந்த ஆப்பிள்

உலர்பழக் கடைகளில் வளையம் வளையமாகக் கிடைக்கிறது. இதில் நேர் எதிரான சிக்கல். உலர்ந்த துண்டில் தண்ணீர் குறைவு என்பதால் அது மாவிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஊறவைக்காமல் போட்டால் துண்டு மெல்லும்படி நன்றாகவே இருக்கும், சுற்றியிருக்கும் குக்கீ உலர்ந்து போகும். வெந்நீரிலோ சூடான ஆப்பிள் சாற்றிலோ பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துப் போட்டால் சரியாகிவிடும். நிறம் மாறாமலிருக்கப் பல தயாரிப்புகளில் சல்ஃபர் டை ஆக்ஸைடு சேர்ப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படித்து, அது சேராததாகப் பார்த்து வாங்குங்கள்.

விடுதியில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சல் அனுப்ப இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. மற்ற நான்கைவிடவும் அதிக நாள் தாங்கும்.

வதக்கி நீர் வற்றவைப்பது

என் தேர்வு இதுதான். பதினைந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும், ஒரு வாணலி கழுவ வேண்டியிருக்கும். அதற்குக் கிடைப்பது நிறைய.

அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய 250 கிராம் ஆப்பிளை, இரண்டு டீஸ்பூன் வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து மிதமான தீயில் வதக்குகிறோம். முதலில் சாறு விடும். மூடாமல் வதக்கினால் அது ஆவியாகும். கடைசியில் சர்க்கரையும் வெண்ணெயும் துண்டுகளின் மேல் பளபளவென்று பூச்சாக ஒட்டும். வாணலியில் இருப்பதெல்லாம் சேர்ந்து சுமார் 140 கிராம் ஆகும்போது நிறுத்திவிடலாம். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். இல்லையென்றால், துண்டுகளை ஓரமாகத் தள்ளினால் அடியில் சாறு ஊறி வராமல் இருப்பதுதான் அடையாளம். இந்த இடத்தில் பழத்தின் தண்ணீரில் பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் இருப்பது துண்டுக்குள்ளே, சர்க்கரையோடு சேர்ந்து கெட்டியாக இருக்கிறது. அது அவ்வளவு சீக்கிரம் மாவுக்குள் இறங்காது.

சர்க்கரையையும் எலுமிச்சையையும் ஏன் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்? ஆப்பிளின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரையும்போது துண்டு குழைகிறது. புளிப்பும் சர்க்கரையும் இருந்தால் அந்தக் கரைதல் மெதுவாகும், துண்டு உருவம் மாறாமல் வேகும். காரத்தன்மை இருந்தால் வேகமாகக் கரையும். அதனால்தான் ஆப்பசோடாவை எப்போதும் மாவோடு சலித்துக் கலக்க வேண்டும், ஆப்பிளின் மேல் தூவக் கூடாது.

வதக்கியதைத் தட்டில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். இளஞ்சூடாக இருந்தால்கூட மாவிலுள்ள வெண்ணெய் உருகி, தட்டில் வைத்ததும் குக்கீ பரந்துவிடும். முந்தின நாள் இரவே வதக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் வேலை பாதியாகக் குறையும்.

எந்த ஆப்பிள்?

தமிழ்நாட்டுக் கடைகளில் நமக்குக் கிடைப்பவை சிம்லா, காஷ்மீர் என்ற பெயரில் வரும் சிவப்பு ஆப்பிள், வாஷிங்டன் என்று அழைக்கப்படும் இறக்குமதிச் சிவப்பு, ஃபியூஜி, ராயல் காலா, பச்சை ஆப்பிள். சாப்பிடச் சிறந்தது எதுவோ அதுவே சுடவும் சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

வாஷிங்டன் என்று விற்பது பெரும்பாலும் ரெட் டெலிஷியஸ். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தோன்றிய ரகம். அதே டெலிஷியஸ் குடும்பத்தைத்தான் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று அறியப்பட்டவர், இமாசலத்தின் கோட்கட் பகுதியில் நட்டுப் பரப்பினார். சிம்லா ஆப்பிள் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான். பார்க்க அழகு, இனிப்பு உண்டு, புளிப்பு மிகக் குறைவு, தோல் தடிப்பு. நாள்பட்டால் சதை மாவு மாவாகிவிடும். வதக்கினால் சுவை மங்கும், உருவமும் நிற்காது. குக்கீக்கு இதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன். இமாசல அறுவடை ஜூலையில் தொடங்குகிறது, காஷ்மீர் பழம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வருகிறது. அந்த மாதங்களில் கிடைக்கும் புதுப் பழம் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். மார்ச், ஏப்ரலில் கிடைப்பது குளிர்சேமிப்பில் மாதக்கணக்காக இருந்த பழம்.

பச்சை ஆப்பிள் எனப்படும் கிரானி ஸ்மித் ஆஸ்திரேலியாவில், சிட்னியை ஒட்டிய ஈஸ்ட்வுட் பகுதியில் மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தற்செயலாக முளைத்த நாற்றிலிருந்து வந்தது. நல்ல புளிப்பு, இறுகிய சதை. வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். குக்கீ மாவில் சர்க்கரையும் வெண்ணெயும் தாராளமாக இருப்பதால், பழத்திலிருந்து நமக்கு வேண்டியது இனிப்பு இல்லை, புளிப்புதான். இரண்டாவது கடியிலும் சலிக்காமல் இருப்பது இந்தப் புளிப்பால்தான். பச்சை ஆப்பிளின் ஒரே குறை மணம் கொஞ்சம் குறைவு என்பது. அதனால் பாதி பச்சை, பாதி ராயல் காலா என்று கலப்பது எனக்குப் பிடித்த வழி. நியூசிலாந்தில் உருவான காலா மெல்லிய தோலும் பூவைப் போன்ற மணமும் உள்ளது. வதக்கும்போது பச்சை ஆப்பிளைவிடச் சீக்கிரம் குழையும் என்பதால் அதைச் சற்றுப் பெரிய துண்டாக நறுக்குங்கள்.

ஃபியூஜி ஜப்பானில் உருவாகி 1962இல் வெளியான ரகம். ரெட் டெலிஷியஸ் அதன் தாய்வழியோ தந்தைவழியோ, எப்படியும் நெருங்கிய சொந்தம். ஆனால் சதை இறுக்கத்தில் அதைவிடப் பல மடங்கு மேல். சாறு அதிகம், இனிப்பு அதிகம். பச்சை ஆப்பிள் கிடைக்காத ஊரில் ஃபியூஜியை எடுத்து, எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்கினால் போதும். பச்சை ஆப்பிளுக்கு விலை கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் ஒரு தவணைக்கு வேண்டியது நடுத்தர அளவில் இரண்டு பழம்தான்.

தோல் சீவுவதா வேண்டாமா? துருவினால் வேண்டாம். துண்டாகப் போட்டால் கட்டாயம் சீவுங்கள். சதை சுருங்கிய பிறகு தோல் மட்டும் தனியாகக் காகிதம்போல வாயில் நிற்கும்.

வெண்ணெய், எண்ணெய், நெய்

இந்திய விதிப்படி மேசை வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது வெண்ணெய் காற்றைப் பிடித்துவைக்கும், அந்தக் காற்றுதான் குக்கீயை லேசாக்குகிறது. அதற்கு வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸ் அருகே இருந்தால் நல்லது. குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் வெண்ணெய்’ என்று எழுதியிருப்பது குளிர் நாட்டு அறையைப் பார்த்து எழுதியது. சென்னையில் மே மாதம் அறையில் வைத்த வெண்ணெய் பாதி எண்ணெயாகிவிடும், அது காற்றைப் பிடிக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக்கி ஐந்து, பத்து நிமிடத்தில் அடிக்கத் தொடங்கிவிடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

எண்ணெயில் செய்த குக்கீ ஆறிய பிறகும் மென்மையாகவே இருக்கும், ஏனென்றால் அது உறைவதில்லை. மெத்தென்று இருப்பதை மட்டும் பார்த்தால் எண்ணெய் வெண்ணெயை ஜெயிக்கும். ஆனால் ஆப்பிளும் வெண்ணெயும் சேரும்போது வருகிற மணம் அதில் கிடையாது. வீகன் உணவு உண்பவருக்குச் செய்தால் மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் நல்லது. அளவில் வெண்ணெயைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வதக்கும்போதும் வெண்ணெய்க்குப் பதில் அதையே ஊற்றுங்கள்.

நெய்யைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். நெய்யில் தண்ணீர் அநேகமாகக் கிடையாது. அதனால்தான் நெய் சேர்த்த நான்கட்டாய் வாயில் பொலபொலவென்று உதிர்கிறது. அந்தக் குணம் நான்கட்டாய்க்கு அழகு. மெத்தென்ற குக்கீக்கு அது உதவாது. நெய் மணம் வேண்டுமென்றால் ஆப்பிளை வதக்க மட்டும் நெய்யைப் பயன்படுத்துங்கள். மாவுக்கு வெண்ணெய் போதும்.

சர்க்கரையும் மாவும்

வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் விளிம்பு முறுகும். நாட்டுச்சர்க்கரையில் கொஞ்சம் ஈரமும், குளுகோஸ், ஃபிரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகளும் இருப்பதால் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சுட்ட மறுநாளும் குக்கீ வளையும். முக்கால் பங்கு நாட்டுச்சர்க்கரை, கால் பங்கு வெள்ளை என்ற கலவை ஆப்பிளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நாட்டுச்சர்க்கரையைச் சலித்துப் பாருங்கள். மண் இருந்தால் கரைத்து வடிகட்ட வேண்டிவரும், அப்படிச் செய்தால் நாம் கஷ்டப்பட்டு வெளியேற்றிய தண்ணீர் வேறு வழியில் உள்ளே வந்துவிடும். அதற்குச் சுத்தமான தூளைத் தேடி வாங்குவதே மேல். கருப்பட்டி எனக்கு மிகப் பிடித்த பொருள், ஆனால் அதன் மணத்துக்கு முன்னால் ஆப்பிள் நிற்காது. அதை எள்ளு குக்கீக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோதுமை மாவைப் பற்றி நல்ல செய்தி உண்டு. மாவு மில்லில் கல்லில் அரைத்த கோதுமை மாவு மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். அதன் தவிடும் உடைந்த மாவுச்சத்தும் அதற்குக் காரணம். ஆப்பிள் போன்ற ஈரமான பழத்தோடு இது சாதகம். மைதாவில் மூன்றில் ஒரு பங்கைக் கோதுமையாக மாற்றினால் மென்மை அதிகம் குறையாது, பாதாம்போல ஒரு மணம் சேரும். முழுக்கக் கோதுமையில் செய்தால் கனமாகும். எப்படியும் கலந்த மாவை அரை மணி நேரம் ஊறவிடுங்கள், தவிடு தண்ணீரை இழுத்துக்கொள்ளட்டும்.

முட்டை விஷயத்தில் ஒரு முழு முட்டை போட்டால் போதும். இன்னும் இழுவையான குக்கீ வேண்டுமென்றால் இரண்டு மஞ்சள் கருவை மட்டும் போடலாம். வெள்ளைக்கரு குக்கீயை உலர்த்தும், மஞ்சள் கரு மென்மையாக்கும். முட்டை வேண்டாதவர்கள் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி சேர்க்கலாம். அதன் புளிப்பு ஆப்பசோடாவுக்கும் வேலை கொடுக்கும்.

ஆப்பசோடாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் நடுவே தேர்வு எளிது. சோடா குக்கீயைப் பரத்தி, பொன்னிறமாக்கி, இழுவையைக் கொடுக்கும். பவுடர் மேலே எழுப்பிக் கேக் போலாக்கும். வதக்கிய ஆப்பிளுக்குச் சோடா, மசியலுக்குப் பவுடர்.

பட்டையில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த, கரடுமுரடான பட்டை பெரும்பாலும் கேசியா. காரமான மணம் உள்ளது, பிரியாணிக்கு ஏற்றது. இலங்கையிலிருந்து வரும் கறுவா மெல்லிய தாள்களாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம், மணம் இனிமையாகவும் மென்மையாகவும் இருக்கும். ஆப்பிளின் மணத்தை அமுக்காமல் தூக்கிக் கொடுப்பது கறுவாதான். கேசியாதான் வீட்டில் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

சுடுவது

ஓடிஜி எனப்படும் சிறிய மின்சார அடுப்பில் மேல், கீழ் இரண்டு கம்பியும் போட்டு 175 டிகிரி. விசிறி உள்ள கன்வெக்‌ஷன் அடுப்பு என்றால் 160 போதும், அதன் காற்றோட்டம் மேல்புறத்தைச் சீக்கிரம் உலர்த்திவிடும். ஏர் ஃபிரையரில் நாலைந்து குக்கீதான் ஒரு நேரத்தில் வைக்க முடியும், மேலே கருகும் முன் உள்ளே வேகச் சற்று அவகாசம் தர 150 டிகிரியில் வையுங்கள். குக்கரில் உப்பு பரப்பிச் சுடுவது அடுப்பு இல்லாத வீட்டுக்கு ஒரு வழி. கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட வேண்டும். மூடிய பாத்திரம் என்பதால் ஈரம் உள்ளேயே சுற்றும், குக்கீ மெத்தென்று வரும், பொன்னிறம் மட்டும் வராது.

அளவுகளை ஒன்றாகச் சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 110, வெள்ளைச் சர்க்கரை 40. இவை மூன்றையும் நிறம் வெளுக்கும்வரை அடித்து, ஒரு முட்டையைச் சேர்க்கவும். மைதா 210 கிராம், ஆப்பசோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், கறுவாத் தூள் ஒரு டீஸ்பூன் சலித்துச் சேர்த்து, மாவு மறைகிறவரை மட்டும் கலக்கவும். அப்புறம் ஆறிய ஆப்பிள் 140 கிராம். உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனி உப்பு வேண்டாம். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 40 கிராம் உருண்டைகளாக உருட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் வைத்து, லேசாக அமுக்கி, பன்னிரண்டு நிமிடம் சுடவும். விளிம்பு பொன்னிறமாகி நடுப்பகுதி இன்னும் வேகவில்லையோ என்று சந்தேகம் வரும்போதே எடுத்துவிடுங்கள். சூடான தட்டிலேயே பத்து நிமிடம் இருக்கட்டும், நடுப்பகுதி அந்தச் சூட்டிலேயே செட்டாகிவிடும். நடுவும் கெட்டியாகிறவரை அடுப்பில் விட்டால் ஆறிய பிறகு அது சாதாரண பிஸ்கட்.

வைத்திருந்து சாப்பிட

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆப்பிள் குக்கீ வெளியே இரண்டு நாள்தான். முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் அடுக்குங்கள், அடுக்குகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். மழைக்காலத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை வந்துவிடலாம். இந்தக் கணக்கு வதக்கிய ஆப்பிளுக்கு. பச்சைத் துண்டு போட்டதென்றால் ஒரு நாள்தான்.

ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது, ஆனால் கெட்டியாகிவிடும். மாவுச்சத்து மறுபடி இறுகுவது ஃபிரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கிறது. சாப்பிடும் முன் மைக்ரோவேவில் பத்து நொடி காட்டினால் மென்மை பெருமளவு திரும்பும். இதைவிட நல்ல வழி, சுடாத உருண்டைகளை ஃபிரீசரில் வைப்பது. தட்டில் தனித்தனியாக வைத்து உறைந்ததும் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் மாவாகவே ஓரிரவுக்கு மேல் வைக்க வேண்டாம், ஆப்பிள் மெல்லச் சாறு விடத் தொடங்கும். உறைந்த உருண்டையில் அந்தத் தொல்லை இல்லை. உருகவிடாமல் நேராக அடுப்பில் வைத்து, சூட்டை 165க்குக் குறைத்து, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு அடுப்பைப் போட்டாலும் அரை மணி நேரத்தில் சூடான குக்கீ கையில் இருக்கும்.